திருத்தாத வரைபடம்

மார்ச் 6

அன்புள்ள மருமகளுக்கு,

இந்தக் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். ஒரு வரி மாடி ஏறும், அடுத்த வரி பள்ளத்தில் இறங்கும். காலமெல்லாம் வெல்டிங் கம்பி பிடித்த கை பேனாவையும் அதே இறுக்கத்தில்தான் பிடிக்கிறது. தாள் இரண்டு இடத்தில் கிழிந்தேவிட்டது. "பேனா எங்கயும் ஓடிடாது, மெதுவா பிடிங்க"ன்னு நூலகத்து மாலை வகுப்பு டீச்சர் தினமும் சொல்கிறார். இருந்தாலும் நானே எழுதி, நானே உறையில் போட்டு, நானே முகவரி எழுதும் முதல் கடிதம் இது. தபால் பெட்டியில் போடுவதற்குள் இரண்டு தடவை எடுத்துப் படித்துப் பார்த்துக்கொள்வேன்.

நான் சுகம். முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முறைக்கிறது. உனக்கு உடம்பு எப்படி? அந்தக் குளிருக்கு நல்ல போர்வை வாங்கினாயா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ "நல்லா இருக்கேன் மாமா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். தாளில் அப்படித் தப்பிக்க முடியாது. மிச்ச இடம் உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

நீயும் உன் வீட்டுக்காரனும் சேர்ந்து தொடங்கிய ஓரியன்டீரிங் கழகம் நடக்கிறது. அந்தச் சொல்லை எழுதி முடிப்பதற்குள் என் டீ ஆறிவிட்டது. இனி ஓட்டம் என்றே எழுதுவேன். கையில் ஒரு வரைபடத்தையும் திசைகாட்டியையும் கொடுத்து மனிதரைக் காட்டுக்குள் விட்டு, கட்டியிருக்கும் கொடிகளை வரிசையாகக் கண்டுபிடித்துவிட்டு வா என்று அனுப்புவதை ஒரு விளையாட்டு என்று உலகத்துக்குச் சொன்னவர்கள் நீங்கள். இங்கே சம்பளம் யாருக்கும் கிடையாது. அதனால் வேலை செய்யவும் யாரும் கிடையாது. லிஃப்ட் ரிப்பேர் முடித்து வந்து உன் வீட்டுக்காரன் ஒருவனே எல்லாம் செய்கிறான். கூடத்தில் கொடி, சோபாவில் கொடி. உட்கார நான் சமையலறைக்குப் போகிறேன்.

உன் ஒரு வருஷப் பணி செப்டம்பரில் முடிகிறது, இல்லையா? வந்துவிடுவாய்தானே?

இந்த முறை இவ்வளவுதான் கை ஓடுகிறது.

உன் மாமனார்

மார்ச் 24

மாமாவுக்கு வணக்கம்.

கடிதத்தைப் பக்கத்து மேசைக்காரியிடம் காட்டினேன். "உங்க மாமனார் அடிச்சு எழுதியிருக்காரா, வெட்டி எழுதியிருக்காரா?" என்றாள். நான் ஒரு எழுத்துகூட விடாமல் படித்தேன். முழங்காலுக்கு மருந்து தடவுகிறீர்களா, அல்லது புட்டியை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை. போர்வை வாங்கிவிட்டேன்.

சோபாவில் கொடி என்று எழுதியிருந்தீர்கள். நான் கிளம்பும்போதும் அங்கேதான் கிடந்தது. அதைப் பற்றி இனி நான் எதுவும் சொல்வதாக இல்லை.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். இங்கே நில அளவைப் பணி இன்னும் இரண்டு வருஷம் நீளும். தொடர்ந்து இருக்கச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் மகனிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். எப்போது வருகிறாய் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால் நானே சொல்லிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்கிறார். கொடி போதவில்லை, வனத்துறை அனுமதி வரவில்லை, கழகத்துப் பல் டாக்டர் கொடி கட்ட வரவில்லை. பேசி முடித்ததும் வைத்துவிடுகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்

ஏப்ரல் 15

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நானே படித்தேன். யாரையும் படித்துச் சொல்லச் சொல்லவில்லை. அதில் மகிழ்ச்சி. படித்த செய்தியில் மகிழ்ச்சி இல்லை. சொல்லாதே என்றாய், சொல்லவில்லை. ஆனால் அவன் சாப்பிட உட்கார்ந்தால் நான் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறேன். மருந்து தடவுகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

இங்கே நடக்கும் கூத்தைக் கேள். ஓட்டத்துக்கு முந்தின நாள் கொடி கட்ட யார் வருகிறீர்கள் என்று வாட்ஸ்அப்பில் போட்டான். திரையை நிறைக்கும் அளவுக்குக் கட்டைவிரல் படம் வந்து விழுந்தது. காலையில் காட்டு வாசலில் நின்றது நானும் அவனும் தையல்காரம்மாவும். கழகத்துக்குக் கொடியெல்லாம் தைத்துத் தருகிற அதே தையல்காரம்மாதான். நான் இந்த வயதில் கைநாட்டை விட்டுவிட்டேன். படித்தவர்கள் எல்லாரும் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார்கள்.

பல் டாக்டர் மத்தியானம் வந்தார். "நான் பாத்துக்கிறேன்" என்று ஒரு பை கொடியை வாங்கிக்கொண்டு போனார். பாறைக்குப் பின்னால், ஓடைத் திருப்பத்தில் என்று வரைபடத்தில் குறித்திருந்த கொடிகளையெல்லாம் நடைபாதை ஓரமாகவே வரிசையாகக் கட்டிவிட்டு வந்தார். "ஏன் சார் இப்படி?" என்று கேட்டதற்கு, "பாவம், புதுசா வர்றவங்க. தேடிக் கஷ்டப்படுவாங்களே!" என்றார். தேடத்தானே ஐயா வருகிறார்கள்! கொடி அத்தனையும் அவிழ்த்து மறுபடி கட்டினோம்.

இன்னொரு தலைவலி. தீ பரவாமல் இருக்க வனத்துறை காட்டின் நடுவே மரங்களை வெட்டி அகலமாக ஒரு பாதை விட்டிருக்கிறது. நீ வரைந்த வரைபடத்தில் அது இல்லை. நீ போன பிறகு வெட்டியது. "ஒரு கோடு போட்டுடு"ன்னு சொன்னேன். "அவ வரைஞ்சது. அவ வந்து திருத்துவா" என்றான். பல் டாக்டர் தானே வரைந்து தருவதாகச் சொன்னார். அவருக்கும் அதே பதில். முகத்தில் அடித்த மாதிரி.

மே முடிவில் பெரிய ஓட்டம். வெளியூர்க்காரர்களும் வருகிறார்கள். நீதான் அவனிடம் சொல்ல வேண்டும்.

இரு கைகளையும் நீட்டிக் கேட்கும்,
மாமனார்

மே 8

மாமாவுக்கு,

சுகம்தானே? எனக்கு இரண்டு நாள் சளி. இப்போது தேவலை.

போனில் சொன்னேன். வரைபடம் என்ன, கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைக்கும் சாமானா? காடு மாறினால் படமும் மாற வேண்டும். யார் கையால் திருத்தினாலும் எனக்கு வருத்தம் இல்லை, பல் டாக்டர் கையாலும்கூட, என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். "சரி சரி, நீ வந்து பாத்துக்கோ" என்றார். "எப்ப வர்றேன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். யாரோ வாசலில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டார்.

வாசலில் யார் வந்தார்கள், மாமா?

மருமகள்

ஜூன் 2

அன்புள்ள மருமகளுக்கு,

உன் சளி முழுசாக விட்டதா? நான் உடம்பால் நன்றாக இருக்கிறேன். மனசு கொதித்துக்கொண்டிருக்கிறது. வாசலில் அன்று யாரும் வரவில்லை.

பெரிய ஓட்டம் நடந்தது. நடந்தது என்றா சொல்வது! நான் பெயர் பதியும் மேசையில் இருந்தேன். ஒவ்வொருவர் பெயரையும் என் கையாலேயே எழுதினேன். என் எழுத்து வேகத்துக்கு வரிசை மாட்டுச்சந்தை மாதிரி நீண்டது, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அந்த மட்டில் சந்தோஷம். அதோடு சரி.

உள்ளே போனவர்கள் வரைபடத்தில் இல்லாத அந்த அகலப் பாதையைப் பார்த்து மிரண்டுவிட்டார்கள். வரைபடத்தில் இருக்கும் பழைய வண்டிப்பாதைதான் இது என்று நம்பி பாதிப் பேர் அதிலேயே ஓடினார்கள். ஓடி, காட்டின் மறுபக்கம் செங்கல் சூளையில் போய் நின்றார்கள். சூளைக்காரர் தண்ணீர் கொடுத்தே களைத்துப்போனாராம். ஒரு புருஷன் பெண்சாதி என் மேசைக்கு முன்னால் வந்து சண்டை போட்டார்கள்.

"மேப்பை நேரா பிடிங்கன்னு அப்பவே சொன்னேன்."

"நேராத்தான்டி பிடிச்சிருந்தேன். காடுதான் கோணலா இருக்கு."

எப்போதும் கழுத்தில் விசிலோடு வரும் நம் கழகத்து விசில் வாத்தியார் இறுதிக் கோட்டில் நின்று ஊதினார், ஊதினார், கன்னம் வலிக்க ஊதினார். பொழுது சாய்வதற்குள் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களை விட அதிகமாக வசவு வந்து சேர்ந்தது. இன்னொரு முறை ஆட்கள் சூளைப் பக்கம் போனால் காட்டுக்குள் விடமாட்டேன் என்று வனத்துறை அதிகாரி சொல்லிவிட்டுப் போனார்.

அங்கேயே, கொடி மூட்டைகளுக்கு நடுவில், கூட்டம் போட்டார்கள்.

"ஒரு கோடு. ஒரே ஒரு கோடு. எங்கிட்ட குடுங்க, துணிக்குப் போடுற சாக்பீஸ்லயே போட்டுத் தர்றேன்" என்றார் தையல்காரம்மா.

"அதுல யாரும் கை வைக்கக்கூடாது" என்றான் இவன்.

"அப்ப நான் இந்தக் கழகத்துலயே கை வைக்கல" என்றார் பல் டாக்டர்.

"எப்ப சார் வச்சீங்க?" என்றார் விசில் வாத்தியார். அத்தனை கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன் சிரிக்கவில்லை. வரைபடங்களைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். அவன் நன்றாக இருக்கிறான். சாப்பிடுகிறான், வேலைக்குப் போகிறான். வேறு ஒன்றும் எழுதுவதற்கு இல்லை.

மாமனார்

ஜூலை 10

அன்புள்ள மருமகளுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால்காரரை வழிமறித்துக் கேட்டேன். "உங்களுக்கு வந்தா நான் எதுக்கு வச்சுக்கப்போறேன், பெரியவரே!" என்கிறார். உடம்பு சரியில்லையா? அல்லது நான் எழுதியதில் ஏதாவது தப்பா? இப்போதுதான் எழுதப் பழகியவன். தப்பாகச் சொல்லியிருந்தால் சொல்லிவிடு, அடித்துவிட்டு வேறு எழுதுகிறேன்.

அவன் நன்றாக இருக்கிறான் என்று எழுதியிருந்தேன். அதைத்தான் அடிக்க வேண்டுமோ என்று இருக்கிறது.

மாமனார்

ஆகஸ்ட் 9

மாமாவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். பதில் போடாதது என் தப்பு, உங்கள் எழுத்தில் ஒரு தப்பும் இல்லை. இங்கே மழைக்கு முன் ஆற்றங்கரை முழுவதும் அளந்து முடிக்க வேண்டியிருந்தது. அதுவும் ஒரு காரணம். மற்றொரு காரணம், நான் காத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து மாதமாகக் கேட்பார் கேட்பார் என்று இருந்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வனத்துறை, விசில், கொடியைக் கண்டவர்கள் அட்டையில் துளை போடும் பஞ்ச் உடைந்தது. எனக்குச் சலித்துவிட்டது, மாமா. ஒரு மனிதருக்கு ஊரில் உள்ள எல்லாரிடமும் 'நாளைக்கு வருவீங்களா?' என்று கெஞ்சத் தெரிகிறது. என்னிடம் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

மாதக் கடைசியில் கையெழுத்துப் போடப்போகிறேன். நீங்கள் என்மேல் வருத்தப்படக்கூடாது.

மருமகள்

ஆகஸ்ட் 18

மருமகளே,

உன் நலம், என் நலம் எல்லாம் பிறகு. உனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். மீறியதற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

அவன் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். போட்டு உடைத்துவிட்டேன்.

"அவ இன்னும் ரெண்டு வருஷம் அங்கயே இருக்கப்போறாடா."

"யாரு சொன்னா?"

"எனக்கு எழுதினா."

"எங்கிட்ட சொல்லலையே."

"நீ கேட்டியா?"

நறுக்கினதையே மறுபடி நறுக்கினான். கடைசியில், "கேட்டு, வரலன்னு சொல்லிட்டா?" என்றான்.

"அதுக்காக வாயைத் தைச்சு வச்சுக்குவியா? ஊர் சிரிக்குது, காட்டுல ஆள் தொலையுது, நீ அந்த மேப்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற!"

"மேப்பை வேற ஆளு திருத்திட்டா, அவ வர்றதுக்கு என்னப்பா இருக்கு?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையில் கரண்டி இல்லாதது நல்லதாகப் போயிற்று. "அட மடப்பயலே! மேப்புக்காகவாடா ஒருத்தி வீட்டுக்கு வருவா?" என்று கத்தினேன். வெங்காயத்தால்தான் கண் கலங்குகிறது என்றான். நானும் நம்பினதாகக் காட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கொடிப் பெட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் இருக்கிறது என்று ஞாபகப்படுத்தினேன். "இருக்கட்டும்பா" என்றான். அந்த வார்த்தையை அவன் வாயில் நான் கேட்டதே இல்லை. இந்தக் கடிதம் வருவதற்குள் அவன் வந்து நிற்பான். எப்படியாவது பேசி உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். திட்ட வேண்டுமென்றால் முதலில் சாப்பாடு போட்டுவிட்டுத் திட்டு.

மாமனார்

செப்டம்பர் 12

அப்பாவுக்கு,

கால் வலி எப்படி இருக்கிறது? நாங்கள் இருவரும் நலம். போனில் சொன்னால் நீங்கள் கத்துவீர்கள், நான் ஏதாவது சாக்குச் சொல்லி வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

வந்த அன்று அவள் கதவைத் திறந்து, என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "கொடி எங்க?" என்றாள். எடுத்து வரவில்லை என்றேன். அதன் பிறகுதான் உள்ளே விட்டாள்.

கேட்டுவிட்டேன் அப்பா. வரைபடத்தை ஏன் திருத்தவிடவில்லை என்பதையும் சொன்னேன். அவளுக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. "காடு பூரா ஆளுங்களைத் தொலைய விட்டுத்தான் என்னைக் கூப்பிடணுமா? வான்னு ஒரு வார்த்தை சொல்ல முடியாதா?" என்றாள். வா என்றேன்.

"கேட்டதுக்குச் சந்தோஷம். ஆனா நான் இருக்கத்தான் போறேன். நீங்க கேக்கலைன்னு மட்டுமா இருக்கேன்னு நெனச்சீங்க? இந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்குங்க" என்றாள். ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் அவள் அளந்த இடத்தையெல்லாம் காட்டினாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். "அப்ப நான் இங்க இருக்கலாமா?" என்று கேட்டேன். "கழகம் கிழகம்னு ஆரம்பிக்காம இருந்தா இருக்கலாம்" என்றாள். எங்கள் லிஃப்ட் கம்பெனிக்கு இங்கே ஒரு கிளை இருக்கிறது. ஆள் வேண்டுமாம். அக்டோபர் முதல் இங்கேயே வேலை.

கோபப்படாதீர்கள் அப்பா. நீங்களும் இங்கே வந்துவிடலாமே என்று அவள் கேட்கச் சொல்கிறாள். நானும் கேட்கிறேன்.

மகன்

அக்டோபர் 14

என் மகனுக்கும் மருமகளுக்கும்,

இருவரும் சுகமாக இருப்பீர்கள், இருக்காமல் என்ன? மருமகளை அழைத்து வரச் சொல்லி அனுப்பினேன். அனுப்பிய ஆளும் அங்கேயே உட்கார்ந்துகொண்டான். இப்படி ஒரு வியாபாரம் உலகத்தில் யாரும் செய்திருக்கமாட்டார்கள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பேச ஆளும் இல்லை, அது வேறு. அப்புறம் எடுத்து, 'வா என்றேன்' என்ற இடத்தை மட்டும் திரும்பப் படித்தேன். சரி, போ. நன்றாக இருங்கள்.

கழகத்தை மூடிவிடுவார்கள் என்று நினைத்துக் கூட்டத்துக்குப் போனேன். நிம்மதியாகத் திரும்பலாம் என்று பார்த்தேன். விசில் வாத்தியார் ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். என்னிடம் வந்தபோது ஓரத்தில் இண்டு இடுக்குதான் மிச்சம். என் எழுத்து அதில் எப்படி அடங்கும்? அடியில் நல்ல பெரிய கட்டம் ஒன்று காலியாக இருந்தது. உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அழகாக முழுப்பெயரும் போட்டேன். தலையைத் தூக்கினால் எல்லாரும் கை தட்டுகிறார்கள். அது செயலாளர் பொறுப்பேற்கும் கட்டமாம். கட்டத்துக்கு மேலே எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. படிக்கத் தெரிந்தும் படிக்கவில்லை!

"அடிச்சிடுங்க சார்" என்றேன். "இவ்வளவு அழகா எழுதினதை எப்படிப் பெரியவரே அடிக்கிறது?" என்கிறார் பல் டாக்டர். திரும்பி வந்துவிட்டார் அவர். அகலப் பாதையை வரைபடத்தில் அவரே போட்டார். அது இப்போது நேராக ஏரிக்குள் இறங்குகிறது. மருமகளே, நீ திருத்தி அனுப்ப வேண்டாம். "நீங்க போட்ட பாதையில நீங்களே ஒரு தடவை ஓடிக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருக்கிறார்.

என்னை அங்கே வரச் சொன்னீர்கள். படித்ததும் பெட்டியைக்கூட எடுத்துத் தூசி தட்டினேன். இப்போது அதில் பஞ்ச்களைப் போட்டு வைத்திருக்கிறேன். உங்கள் அறையிலும் கொடி வந்துவிட்டது. விடுமுறைக்கு வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். கட்டிலைத் தேடி எடுக்க வேண்டும். வந்தால் இருவரும் பெயர் கொடுத்து மற்றவர்களைப் போல ஓடலாம். ஒரு கொடியையும் தொட விடமாட்டேன்.

முழங்கால் பரவாயில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் தனியாகப் போய்க் கொடி கட்டுகிறாராம், நான் வரவே வேண்டாமாம். வீடு திரும்பும்போது எனக்கு நெஞ்சு முட்டக் கோபம் இருக்கும். அதைக் கேட்க வீட்டில் அடுப்பும் நாற்காலியும்தான் இருக்கின்றன. அதனால் அடுத்த வாரமும் நீங்கள்தான் படித்தாக வேண்டும். திங்கட்கிழமை விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிடுவேன்.

உங்கள் அப்பா, மாமனார்,
வேறு வழியில்லாமல் செயலாளர்